பழைய ஃப்ரீபிஎஸ்டி டிஸ்க்கை லினக்ஸுக்குக் கொண்டுவருவது: எந்த வழி தேவலை?

பல வருடம் ஓடிய ஒரு ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வழிவந்த ஓர் இயங்குதளம்) சர்வரை நிறுத்திவிட்டு, அதன் டிஸ்க்கைக் கழற்றி டெபியன் லினக்ஸ் கணினியில் மாட்டினேன். மவுண்ட் செய்யப்போனால், அதாவது டிஸ்க்கைத் திறந்து படிக்கப்போனால், "ஃபைல் சிஸ்டம் வகை தவறு, ஆப்ஷன் தவறு, சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது" என்று ஒரே மூச்சில் வசை. டிஸ்க் போச்சு என்றுதான் முதலில் தோன்றும். போகவில்லை. டிமெசேஜில் (கர்னலின் பதிவேட்டில்) லினக்ஸின் மையமான கர்னல் உண்மையைச் சொல்லியிருந்தது: எந்த வகை யூஎஃப்எஸ் (டிஸ்க்கில் இருந்த ஃபைல் சிஸ்டம்) என்று நீ சொல்லவில்லை, நானாக 'ஓல்டு' என்று வைத்துக்கொண்டேன்.

யூஎஃப்எஸ் என்பது ஒற்றை ஆள் இல்லை, ஒரு குடும்பம். 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸோடு வந்த, நிரலாளர் மெக்கூசிக்கின் ஃபைல் சிஸ்டத்தை சன், ஹெச்பி, நெக்ஸ்ட் என்று ஆளாளுக்குத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டார்கள். சன்னின் சொலாரிஸ் இயங்குதளத்திலேயே, ஸ்பார்க் சிப்பில் எழுதிய யூஎஃப்எஸ்ஸை இன்டெல் சிப்பில் ஓடும் சொலாரிஸ் படிக்காது. பைட் வரிசை தலைகீழ். 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி 5.0 யூஎஃப்எஸ்2-ஐக் கொண்டுவந்தது. அதன் அடையாள எண் 19540119, மெக்கூசிக் பிறந்த தேதி! மவுண்ட் கட்டளையின் யூஎஃப்எஸ்டைப் ஆப்ஷனில் யூஎஃப்எஸ்2 என்று கொடுத்ததும் டிஸ்க் சட்டென்று திறந்தது.

இந்த முதல் வழி படிக்க மட்டும்தான். எழுதும் வசதியைக் கர்னல் அமைப்பிலேயே 'ஆபத்து' என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்; அதைத் தொடவேண்டாம். ஏசிஎல்லும் (யார் எதைத் தொடலாம் என்ற கூடுதல் அனுமதிப் பட்டியல்) வராது. எனக்கு வந்த தலைவலி வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் முதல் பயனரின் எண் 1001, டெபியனில் 1000. டிஸ்க்கில் இருப்பது எண் மட்டுமே, பெயர் இல்லை. அப்படியே காப்பி எடுத்தால் என் கோப்புகள் எல்லாம் வேறு யாருடையதோ ஆகிவிடும்.

எதிர்த்திசையில், லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கை ஃப்ரீபிஎஸ்டியில் மாட்டியும் காப்பி எடுக்கலாம். அங்குள்ள டிரைவர் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு) கண்டுகொள்ளாது. பாதியில் கரண்ட் போனால் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகேதான் கதி.

பழைய டிஸ்க் இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை. எக்ஸ்போர்ட் செய்து, இந்தப் பக்கம் இம்போர்ட் செய்தால் முடிந்தது. பைட் வரிசையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். 2020-இல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் (இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவம்) 2.0 முதல் லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே மூலநிரல்தான். ஒரே எச்சரிக்கை: புது மெஷினில் 'பூலை (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பு) அப்கிரேட் செய்யலாமா' என்று கேட்டால் கையை வைக்காதீர்கள், பழைய மெஷின் அதை மறுபடி ஏற்காமல் போகலாம். ஆரக்கிள் சொலாரிஸில் பதிப்பு 28-க்கு மேல் போன பூல் என்றால், இந்த வழியை மறந்துவிடலாம்.

யூஎஃப்எஸ்ஸுக்கு என் ஓட்டு, கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் டாருக்குத்தான். அதுவும் பழைய சிஸ்டத்தையே பூட் செய்து, அங்கிருந்து எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான நெட்வொர்க் இணைப்பு) வழியே அனுப்புவது. டார் எண்ணோடு பயனர் பெயரையும் எழுதிவைக்கும். டெபியனில் ரூட்டாக (நிர்வாகியாக) பிரித்தால், அதே பெயருள்ள பயனருக்குக் கோப்புகள் சரியாகப் போய்ச் சேரும். ஹார்ட் லிங்க்கும் (ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்) உடையாது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து டார் போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பயனர் பட்டியல் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பில், லைவ் சிஸ்டத்தில் உங்கள் பெயர் ஏது? நானே முதல் தடவை அப்படிச் செய்துவிட்டு, பிறகு கோப்பைத் தேடும் ஃபைண்டும் உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓனும் போட்டு 1001-ஐ எல்லாம் 1000 ஆக்கினேன்.

பழைய மதர்போர்டு செத்துவிட்டது என்றால், டிடி கட்டளை போட்டு டிஸ்க்கின் முழு நகலை (இமேஜ்) எடுத்து, அதை கேவிஎம் என்ற லினக்ஸ் மெய்நிகர் கணினியில் பூட் செய்யலாம். டிஸ்க்கை சாட்டாவாகக் கொடுங்கள். விர்ட்ஐஓவாக (மெய்நிகர் கணினிக்கான டிஸ்க் இணைப்பு) கொடுத்தால் டிஸ்க்கின் ஏடிஏ0 என்ற பெயர் விடிபிடி0 ஆகிவிடும். அப்புறம் எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியல்) பழைய பெயரில் உள்ள ரூட் ஃபைல் சிஸ்டத்தைத் தேடி அது நடுவழியில் நிற்கும்.