12,000 லிட்டர் பெட்ரோல் டேங்கர்: ஓட்டுகிறவர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

இரண்டு அச்சு, 18.5 டன் மொத்த எடை, பெரும்பாலும் 4,000 லிட்டர் வீதம் மூன்று அறைகள். பங்க்குகளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் லாரிகளில் நம் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் அளவு இது. சேஸ் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், மேலே கட்டும் டேங்க் பெட்ரோலிய விதிகள் 2002-க்கு உட்பட்டு, வெடிபொருள், பெட்ரோலியப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பெசோவின் அனுமதியோடுதான் வர வேண்டும். அதனால் பிராண்டை விட்டுவிட்டு இந்த வகை வண்டியை ஒரு வேலையிடமாகப் பார்ப்போம். கூலி, பாதுகாப்பு என்று டேங்கர் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தும்போது, அவர்கள் சொல்வதில் பாதி இந்த லாரியின் மேலேயே தெரியும்.

இழுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 12,000 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 9 டன், டீசல் 10 டன். இன்றைய எஞ்சின்களுக்கு அது பெரிய சுமையில்லை. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டியில் கவனம் வேண்டியது, டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில்தான். கரி சேர்ந்ததும் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே வெப்பம் 600 டிகிரி அளவுக்குப் போகும். லோடு ஏற்றும் எண்ணெய் டிப்போவிலோ பங்க்கிலோ அது தொடங்கவே கூடாது என்பதால், அதைத் தடுக்கும் சுவிட்ச் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். டிப்போ வாசலுக்கு முன்பே போட்டுவிடுங்கள். நாள் முழுக்கத் தடுத்தே வைத்தாலும் வம்புதான். ஃபில்டர் அடைத்து, இழுவை குறைந்து வழியில் நிற்கும். நெடுஞ்சாலை ஓட்டத்தில் ஒருமுறை முழுதாக முடிய விட வேண்டும்.

ஒரு லோடை இரண்டு பங்க்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது ஓட்டம் மாறும். முன் அறைகள் காலியாகி கடைசி அறை மட்டும் நிறைந்திருந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும், மழைச் சாலையில் வளைவில் பிடி கிடைக்காது. பாதி நிரம்பிய அறை அதைவிட மோசம். பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகும் உள்ளே எண்ணெய் அலைந்து தள்ளும். எந்த அறை முதலில் இறங்க வேண்டும் என்பதை டிப்போவில் லோடு ஏற்றும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

இந்த வண்டியின் மிகப் பெரிய குறை அதன் உச்சியில் இருக்கிறது. டிப் பார்க்க (கோலை உள்ளே விட்டு எண்ணெய் மட்டம் அளக்க), டேங்க்கின் மேல்வாயான மேன்ஹோல் மூடி திறக்க, இறக்கிய பின் அறை காலியா என்று பார்க்க என ஒவ்வொரு லோடுக்கும் பல முறை மேலே ஏற வேண்டியிருக்கிறது. தரையிலிருந்து சுமார் 3 மீட்டர். ஏணியின் படி குறுகல், மேல் நடைபாதையில் டீசல் சிந்தி வழுக்கும், கையில் டிப் ராடு இருக்கும். மடக்கி நிமிர்த்தும் கைப்பிடிக் கம்பி இல்லாத வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. நெருப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். முதுகெலும்பை உடைக்கும் இந்த விழுகையைப் பற்றிப் பேசுவதில்லை. கீழிருந்தே நிரப்பும் பாட்டம் லோடிங் வசதி உள்ள டெர்மினல்களில் இந்த ஏற்றம் பெருமளவு குறைகிறது. புது டேங்க் கட்டுகிறவர்கள் அதற்கான வால்வும், எண்ணெய் நிரம்பி வழியாமல் தடுக்கும் சென்சாரும் வைத்துக் கட்டுவது நல்லது.

இறக்கும் வரிசையை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினையும் பேட்டரி மெயின் சுவிட்சையும் அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முதலில் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் கிளிப் மாட்ட வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஓட்டத்தில் சேர்ந்த நிலைமின்சாரம் அடங்கப் பத்து நிமிடமாவது விட்டபின்தான் மூடியைத் திறக்க வேண்டும். பங்க்கின் நிலத்தடி டேங்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஹோஸ் குழாய். எர்த் கிளிப்பைக் கழற்றுவது கடைசி வேலை. கிளிப் பெயிண்ட் மேலோ துரு மேலோ கடித்தால் மாட்டியும் பயனில்லை. கிளிப்பின் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பளபளப்பான உலோகத்தில் கடிக்க வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு ஊரும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால், இறக்கி முடித்த காலி வண்டியும் அபாயமான வண்டிதான்.

பூட்டு விஷயத்தில் எண்ணெய் கம்பெனிகள் தாராளமாகச் செலவு செய்திருக்கின்றன. மின்னணுப் பூட்டு, ஜிபிஎஸ் கண்காணிப்பு, வழி மாறினால் எச்சரிக்கை. திருட்டுக்கு இவை தேவை, மறுக்கவில்லை. ஆனால் ஷார்ட்டேஜ், அதாவது எண்ணெய் குறைவு, என்றதும் ஓட்டுநரைச் சந்தேகிக்கும் வழக்கம் இத்தனை பூட்டுக்குப் பிறகும் போகவில்லை. மதியம் 35 டிகிரியில் ஏற்றிய பெட்ரோலை விடியற்காலை 25 டிகிரியில் இறக்கினால், 12,000 லிட்டரில் 120 முதல் 140 லிட்டர் தானாகவே சுருங்கியிருக்கும். டீசலில் 100 லிட்டர் அளவு. வண்டி சாய்ந்து நின்றால் டிப்பும் தப்பாகக் காட்டும். இறக்குமுன் வெப்பநிலையையும் அடர்த்தியையும் பார்த்து, அடர்த்தியை 15 டிகிரிக்குரிய அளவாக மாற்றி, இன்வாய்ஸோடு ஒப்பிட்டு எழுதி வாங்குங்கள். அடர்த்தியில் கன மீட்டருக்கு 3 கிலோவுக்குள் வித்தியாசம் இருந்தால் ஏற்கப்படும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் பேட்டாவில் பிடிப்பது கூலியைப் பறிப்பதுதான்.

கேபினுக்கு வருவோம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல மாற்றம், ஆனால் டேங்கருக்குப் பாதிதான் உதவும். ஏசி எஞ்சின் சுற்றினால்தான் ஓடும். லோடுக்காகக் காத்துக் கிடக்கும் பார்க்கிங்கிலோ எஞ்சினை அணைத்தாக வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ஒவ்வொரு டிரிப்புக்கும் கூலி வாங்குகிறவருக்கு வரிசையில் போகும் நேரம் எந்தக் கணக்கில் வருகிறது? காத்திருப்புக்குத் தனிப் படி, மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஓய்வறை, இரண்டும் இல்லாமல் ஏசி கேபினை மட்டும் காட்டினால் போதாது.

2024 ஜனவரி தொடக்கத்தில் வண்டிகள் நின்றது, உயிரிழப்பு விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் போனால் பத்து ஆண்டு வரை சிறை என்ற, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து. மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே எண்ணெய் டிப்போக்கள் உள்ள பானேவாடியில் டேங்கர்கள் நின்றன. பல ஊர்களில் பங்க் வாசலில் வரிசை நீண்டது. அந்த ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மார்ச் 27-ல் நாமக்கல்லில் தொடங்கிய எல்பிஜி டேங்கர் நிறுத்தம் உரிமையாளர்களுடையது. எண்ணெய் கம்பெனிகளின் புதிய டெண்டர் விதிகளில், மாற்று ஓட்டுநர் இல்லாவிட்டால் 20,000 ரூபாய் அபராதம் என்பதும் ஒரு சிக்கல். இரண்டாவது ஓட்டுநர் கட்டாயம் தேவை. அவருடைய சம்பளத்தை வாடகையில் சேர்க்காமல் அபராதத்தை மட்டும் எழுதியதுதான் தவறு.

வாங்க நினைப்பவர்கள் பாடி கட்டும் பட்டறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத நடைபாதைத் தகடு, அகலப் படி ஏணி மூன்றையும் விலைப்புள்ளியிலேயே எழுத்தில் கேளுங்கள். பழைய வண்டியானால் முதலில் மேன்ஹோல் மூடியின் ரப்பர் கேஸ்கெட், ஹோஸின் இணைப்பு, எர்த் கம்பியின் தொடர்ச்சி. ஓட்டுநரின் அபாயப் பொருள் பயிற்சிச் சான்றையும், உரிமத்தில் அதற்கான ஒப்புதல் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் அதே நாளில் பாருங்கள். அந்த மூன்று நாள் பயிற்சிக்கும் கூலி கொடுங்கள்.