ஹானியாவிலிருந்து ஒரு நாள் நடை: சமாரியா, இம்ப்ரோஸ், அகியா இரினி

கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள ஹானியாவில் வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகத்தையும் பழைய நகரத்துச் சந்துகளையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்து விசாரிப்பது பெரும்பாலும் சமாரியா மலையிடுக்கைத்தான். அதே தெற்குக் கடலை நோக்கி இறங்கும் இன்னும் இரண்டு மலையிடுக்குகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அழகில் மூன்றும் தேறும். நாள் கெடுவது திரும்பி வரும் வழியில்தான்.

சமாரியா மொத்தம் 16 கி.மீ. ஓமலோஸ் சமவெளியின் ஓரத்தில், ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்தில் உள்ள க்ஸிலோஸ்கலோவில் தொடங்குகிறது. பூங்காவுக்குள் 13 கி.மீ., வெளியேறிய பிறகு அகியா ரூமெலி கடற்கரை வரை 3 கி.மீ. ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். முதல் மூன்று கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம். முட்டி அங்கேயே பேசத் தொடங்கிவிடும். கால்விரல்கள் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுப்பதும் இங்கேதான். முந்தின நாளே நகத்தை வெட்டிவிட்டு, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டினால் பாதித் தொல்லை போகும். வழியில் ஊற்றுநீர் கிடைப்பதால் ஒரு லிட்டர் பாட்டில் போதும். பாதி வழியில் வரும் சமாரியா கிராமம், 1962இல் இது தேசியப் பூங்காவானபோது காலி செய்யப்பட்டது. அதைத் தாண்டி, பாறைச்சுவர்கள் நான்கு மீட்டர் அளவுக்கு நெருங்கும் 'இரும்புக் கதவுகள்' பகுதிதான் படங்களில் பார்ப்பது. நுழைவுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்ய, வெளியேறும்போது கேட்பார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகு. அகியா ரூமெலிக்குச் சாலை கிடையாது. மாலைப் படகில் ஸ்ஃபாகியாவுக்கோ சூயாவுக்கோ போய், அங்கிருந்து பேருந்தில் ஹானியா திரும்ப வேண்டும். படகைத் தவறவிட்டால் இரவு அந்தக் கிராமத்தில்தான். வாடகைக் காரை ஓமலோஸில் நிறுத்திவிட்டு இறங்குபவர்கள் மலைக்கு இந்தப் பக்கமும் கார் அந்தப் பக்கமுமாக நிற்பார்கள். ஹானியாவிலிருந்து காலைப் பேருந்தில் போவதே சரி. கார் கட்டாயம் என்றால் சூயாவில் விட்டுவிட்டு, சீசனில் ஓடும் காலைப் பேருந்தில் ஓமலோஸ் ஏறி, படகில் சூயாவுக்கே வரலாம்.

இம்ப்ரோஸ் 8 கி.மீ., இரண்டு முதல் மூன்று மணி நேரம். ஒரு இடத்தில் அகலம் 1.6 மீட்டர்தான், இரு கையையும் விரித்தால் இரு சுவரும் தொடும். 1941 மே இறுதியில் ஜெர்மானியரிடம் கிரீட்டை இழந்த நேசநாட்டுப் படையினர் கப்பலேற ஸ்ஃபாகியாவுக்கு இறங்கிய வழியும் இதுதான். குழந்தைகளும் வயதான பெற்றோரும் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். முடிவில் கொமிதாடெஸில் காத்திருக்கும் டாக்ஸியோ பிக்கப் வண்டியோ உங்களை மேலே காரிடமே கொண்டுவிடும். குறை ஒன்று: கோடையில் உள்ளே சொட்டுத் தண்ணீர் இராது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் சுமந்தாக வேண்டும்.

அகியா இரினிதான் நமது தேர்வு, ஒரே ஒரு நாள் இருப்பவருக்கும் கூட. ஏழரை கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். வழி நெடுகப் பைன், பிளேன் மரங்களும் அரளியும் நிழல் தரும். சமாரியாவின் கூட்டத்தில் பத்தில் ஒன்றுகூட இங்கே இராது. 'இரும்புக் கதவுகள்' போன்ற பிரமிப்பு இங்கே இல்லைதான். கீழே சிற்றுண்டிக் கடையில் பாதை முடிகிறது. அங்கிருந்து சூயா வரை ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை, நிழலற்றது. அதை நடக்காமல் கடையில் சொல்லி டாக்ஸி வரவழையுங்கள்.

சமாரியா பொதுவாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழை எச்சரிக்கை, கடும் வெப்பம் என்றால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். மழைக்காக மூடினால் 'இம்ப்ரோஸுக்குப் போய்விடலாம்' என்று வண்டியைத் திருப்பாதீர்கள். மலையில் பெய்த மழை அங்கும் அதே வேகத்தில்தான் இறங்கும், அதுவும் இன்னும் ஒடுக்கமான வாய் வழியாக.