கழிவறைக் கூரைக்கு வேப் டிடெக்டர்: வாங்கலாமா?

மின்சிகரெட் (வேப்) புகையை உணர்ந்து எச்சரிக்கும் வேப் டிடெக்டர் கருவியை வாங்க நன்கொடை திரட்டலாமா என்று யோசிக்கும் கோலாலம்பூர்ப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், விலைப்பட்டியலைத் திறக்கும் முன் பள்ளிக் கழிவறையின் ஜன்னலைப் போய்ப் பார்க்க வேண்டும். நம் இடைநிலைப்பள்ளிகள் பலவற்றில் கழிவறைச் சுவரின் மேற்பகுதி முழுக்கக் காற்றுத் துளைகளும் கண்ணாடிப் பட்டை ஜன்னல்களும்தான். இந்தக் கருவிக்கோ காற்று அதிகம் அசையாத, மூடிய அறை வேண்டும். திறந்த கழிவறையில் அதன் திறமை பாதியிலேயே நின்றுவிடும்.

கருவிக்குள் இருப்பவை ஒரு சிறு லேசர், காற்றை உள்ளிழுக்கும் விசிறி, ஆவியாகும் ரசாயனங்களை உணரும் சென்சர், ஈரப்பதமானி. வேப் புகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சேர்ந்த நுண்துளிகள். லேசர் ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதைக் கருவி எண்ணிக் கணக்குப் போடுகிறது. நிக்கோட்டினை அது நேரடியாக உணர்வதில்லை. "போதைப்பொருள் கலந்த வேப்பையும் கண்டுபிடிக்கும்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். துளிகளின் அளவையும் ரசாயன அளவையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். மலேசியப் போலீஸ் கைப்பற்றிய வேப் திரவங்களில் செயற்கைக் கஞ்சா இருந்ததுண்டு. அந்தப் பயத்தில் இருக்கும் பெற்றோரிடம் இந்த வார்த்தை சுலபமாக எடுபடும்.

எதை எண்ணுகிறோம் என்று தெரியாத கருவி என்பதால் பொய் எச்சரிக்கைகள் வரும். உடலில் அடிக்கும் வாசனை ஸ்பிரே, கழிவறை கழுவும் ஸ்பிரே, டிங்கி கொசுவுக்கு அடிக்கும் புகை எல்லாமே அதற்கு வேப் போலத் தெரியும். புகைமூட்டக் காலத்தில் வெளிக்காற்றிலேயே பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் ஏறிவிடும். அலறலைத் தாங்காமல் ஆசிரியர் உணர்திறனைக் குறைப்பார். குறைத்ததும் உண்மையான வேப் தப்பிவிடும். சட்டைக் கைக்குள் ஊதும் மாணவனையும், ஜன்னல் பட்டைக்கு வெளியே ஊதும் மாணவனையும் எந்த அளவில் வைத்தாலும் பிடிப்பது கடினம். அந்தத் துளிகள் சில வினாடிகளில் கரைந்துபோகும்.

ஆகவே பணம் கட்டும் முன் சோதனை உங்கள் கழிவறையிலேயே நடக்கட்டும். குளிரூட்டிய கூட்ட அறையில் கருவிக்கு நேர்கீழே ஊதிக் காட்டும் செய்முறைக்கு மதிப்பில்லை. ஜன்னல்கள் எப்போதும் போலத் திறந்திருக்க, கதவடைத்த கடைசி அறையிலிருந்து விற்பனையாளரே சோதனைப் புகையை விடட்டும். கட்டொழுங்கு ஆசிரியரின் கைப்பேசியில் செய்தி வர எத்தனை வினாடி, அவர் நடந்து வந்து சேர எத்தனை வினாடி, இரண்டையும் கூட்டுங்கள். இரண்டு நிமிடம் தாண்டினால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பத்து முறை விட்டால் எத்தனை முறை உணர்ந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுச் சந்தா உண்டா, அது முடிந்தால் எச்சரிக்கை நின்றுவிடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல சங்கங்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. நெட்வொர்க் வயரிலேயே மின்சாரமும் வரும் வகை நல்லது. வைஃபை கழிவறை வரை எட்டுவதில்லை. உள்ளே சிலந்தி வலை கட்டும், தூசி லேசரை மறைக்கும், எனவே மாதம் ஒரு முறை திறந்து துடைக்க ஆள் வேண்டும்.

இனி முக்கியமான இடம். நிக்கோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். பள்ளிக்கு வரும் முன் இழுத்த பிள்ளைக்கு ஓய்வு நேரம் வருவதற்குள் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கத் தொடங்குவதும் எரிச்சல் ஏறுவதும் இதனால்தான். வேப் திரவத்திலுள்ள நிக்கோட்டின் உப்பில் சேர்க்கும் பென்சோயிக் அமிலம் தொண்டை எரிச்சலைக் குறைத்துவிடுவதால், மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள திரவத்தைக்கூட 13 வயதுப் பிள்ளை இருமாமல் இழுக்க முடிகிறது. அத்தகைய பிள்ளையைப் பிடித்து இரண்டு வாரம் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்தால், நிக்கோட்டின் கிடைக்காத விலகல் அவதி உச்சமாக இருக்கும் முதல் மூன்று நாளை அது வீட்டில் தனியாகக் கழிக்கும். பையில் இன்னொரு வேப் இருக்கும்.

இந்தப் பிள்ளைகள் தாமாக இங்கே வந்து சேரவில்லை. மலேசியாவில் 13 முதல் 17 வயது மாணவரில் வேப் பிடிப்போர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9, அதாவது ஏழில் ஒருவர். அதன் பிறகும், 2023 மார்ச் 31இல் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ் விற்கத் தடை போட்ட, புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 852 அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1. இடைப்பட்ட 18 மாதம், பதின்ம வயதினருக்கு விற்ற கடைக்காரரைத் தடுக்கச் சட்டமே இல்லை. பழி முதலில் அந்த இடைவெளியை விட்டவர்களுக்கும், பொம்மை போலவும் பழச்சாறு டப்பா போலவும் வேப் செய்து விற்றவர்களுக்கும். கூரையில் டிடெக்டர் மாட்டும்போது பழி மாணவன் தலையில் மட்டும் விழுகிறது. இது எங்களுக்கு உடன்பாடில்லை.

எங்கள் மதிப்பீடு: காற்றோட்டமான கழிவறைக்கு வேண்டாம். குளிரூட்டிய விடுதிக் கட்டடம் போன்ற மூடிய இடமானால் ஒன்றை மட்டும் சோதனைக்கு எடுக்கலாம். அதற்கு முன்னரே, பிடிபட்ட பிள்ளை எங்கே போவான் என்பதை முடிவு செய்யுங்கள். அரசு சுகாதாரக் கிளினிக்குகளில், புகைப் பழக்கத்தை விட உதவும் எம்குவிட் சேவை உண்டு. நிக்கோட்டின் கம் 18க்குக் கீழ் மருத்துவர் சொன்னால் மட்டுமே. பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவின் கோத்தாக் என்னும் புகையில்லா வாய்நலத் திட்டத்திலும் புகைக்கும் மாணவருக்கு ஆலோசனை கிடைக்கும். பறிமுதல் செய்த வேப்பை மேசை அறைக்குள் குவிக்காதீர்கள். நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், கசியும் திரவம் தோல் வழியே உடலில் ஏறும். கையுறை போட்டு, தனித்தனிப் பையில் கட்டி, மின்கழிவில் சேருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட பள்ளிகள், முதல் இரண்டு வாரம் சத்தத்தை அணைத்துவிட்டு நேரத்தை மட்டும் பதிவு செய்யட்டும். எச்சரிக்கைகள் எந்தப் பத்து நிமிடத்தில் குவிகின்றனவோ, அந்தப் பத்து நிமிடம் கழிவறை வாசலில் ஓர் ஆசிரியர் நிற்கட்டும்.