‘ஓவர்கிளாக் பண்ணித் தர்றோம்’ என்று 3,500 வாங்கினார்கள்: சேலத்தில் நான் ஏமாந்த கதை

சேலத்தில் அசெம்பிள் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக என்னைப் போல மலையிலிருந்து இறங்கி வந்து வாங்குகிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிடுங்கள். புகார் இன்னும் முடியாததால் கடைப் பெயரைப் போடவில்லை.

எனக்கு ஏற்காட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. பழைய சிஸ்டம் இழுக்க ஆரம்பித்ததும், டவுனில் ஒரு கடையில் ரைசன் 5 3600 என்ற பிராசஸர் சிப் போட்டுப் புதிதாக ஒன்று சொன்னேன். “3,500 சேர்த்துக் குடுங்கண்ணா, ஓவர்கிளாக் பண்ணித் தர்றோம். ஆறு கோரும் 4.2ல ஓடும். உங்க ஊர் குளிருக்கு சூடே ஏறாது” என்றார் கடைக்காரர். ஓவர்கிளாக் என்றால் சிப்பை அதன் வழக்கமான வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவது; கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. குளிர் விஷயம் உண்மைதானே, அதனால் மற்றதையும் நம்பிவிட்டேன். அந்த சிப்பின் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். தேவைப்படும்போது தானாகவே 4.2 வரை தாவும், ஆனால் எல்லா கோரும் ஒன்றாக உழைக்கும்போது அதற்குக் கீழேதான் நிற்கும். அதை 4.2லேயே நிறுத்தினால் ரெண்டரில், அதாவது எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக எடுப்பதில், சில நிமிடம் மிச்சம், அவ்வளவுதான். இது அப்போது எனக்குத் தெரியாது.

கடையில், சிப்பின் வேகத்தை விண்டோஸிலிருந்தே மாற்றும் ரைசன் மாஸ்டர் என்ற சாஃப்ட்வேரைத் திறந்தார்கள். ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. பையன் படிக்காமலே ஓகே கொடுத்தான். ஓவர்கிளாக் செய்து சிப் கெட்டால் வாரண்டி கிடையாது என்பதுதான் அதன் சாரம் என்று பிறகு வீட்டில் நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். திரையில் 4.2 பளிச்சென்று நின்றது. பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டர் போட்டால் 3.9ஐத் தாண்டவில்லை. போன் செய்தேன். “டாஸ்க் மேனேஜர்ல 3.6னு காட்டுறது பேஸ் ஸ்பீடுண்ணா, அது மாறாது.” பாதி உண்மை. அங்கே பேஸ் ஸ்பீடு 3.6 என்றே நிற்கும்தான். நான் கேட்டது அதற்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணை. நடந்தது என்னவென்றால், ரைசன் மாஸ்டரில் கையால் வைக்கிற வேகம் அந்த ஓட்டத்துக்கு மட்டும்தான். ரீஸ்டார்ட் ஆனால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில், இருப்பதே திரும்பி வரும்.

கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன். இந்த முறை வேறொருவர் பயாஸுக்குள் போய் வேகத்தை வைத்து, என் கண் முன்னால் இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தார். நின்றது. சர்வீஸ் சார்ஜ் 500.

மேலே வந்த அன்று இரவு நல்ல இடி மின்னல். எங்கள் வீட்டில் அப்படி என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுவோம். காலையில் போட்டால் கறுப்புத் திரையில் ‘எஃப்1 அழுத்தவும்’ என்ற வாசகம். அழுத்தினேன், விண்டோஸ் வந்தது, வேகம் பழையபடி. மறுபடி போன். “எஃப்1 அழுத்துங்கண்ணா, ஒண்ணும் ஆகாது. மலை மேல வோல்டேஜ் ஏறி இறங்குதுல்ல, அதான்.” அப்படியே 2,800 ரூபாய்க்கு ஒரு ஸ்டெபிலைசரையும் தலையில் கட்டினார்கள். அதற்கும் கேட்கவில்லை. விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும் என்று ஃபார்மட் செய்ய 800. அதற்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் கடையில் நிற்கும், வீட்டில் நிற்காது.

முடிச்சை அவிழ்த்தது என் அக்கா மகன். லீவுக்கு வந்திருந்தான். அன்று நெட் இல்லை. “மாமா, இதுல தேதி என்ன 2019னு காட்டுது?” என்றான். நெட் வந்ததும் தேதி தானாகச் சரியாகிவிடும் என்பதால் நான் கவனித்ததே இல்லை. அப்புறம் ராம் வேகத்தைப் பார்த்தான். 3200 வர வேண்டிய இடத்தில் 2400. ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற பயாஸ் செட்டிங்கும் கழன்றிருக்கிறது. பயாஸில் வைத்த மொத்தமும் அழிந்து போகிறது என்று அர்த்தம்.

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினோம். அதன் அடியில்தான் ஒளிந்திருந்தது சிஆர்2032 காசு பேட்டரி. மல்டிமீட்டரில் 1.9 வோல்ட். மூன்று வோல்ட் காட்ட வேண்டியது. கரண்ட் வயர் செருகியிருக்கும் வரை பவர் சப்ளையே பயாஸ் நினைவைத் தாங்கிக்கொள்ளும், அதனால் கடையில் பிரச்சினை தெரியாது. பிளக்கைப் பிடுங்கினால்தான் அந்தப் பேட்டரிக்கு வேலை. வாட்ச் கடையில் 40 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டோம். அன்றிலிருந்து எஃப்1 கேட்கவில்லை.

சரி, வருடக்கணக்கில் வரவேண்டிய பேட்டரி புது போர்டில் எப்படித் தீர்ந்தது? டார்ச் அடித்துப் பார்த்தால் சிப் உட்காரும் சாக்கெட் ஓரத்தில், சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கிடக்கிறது. திருகு ஓட்டைகளைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல். அட்டைப்பெட்டியில் ஒரு சீரியல் எண், போர்டில் வேறு எண். போர்டில் இருந்த எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துக் கேட்டேன். வாரண்டி ஓட ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதாவது பழைய போர்டைப் புதுசு என்று தந்திருக்கிறார்கள். பில்லில் எந்த எண்ணும் இல்லை. அதை அன்றே பார்க்காதது என் தப்பு.

ஆகவே, ஓவர்கிளாக் செய்த சிஸ்டம் என்று யாராவது விற்றால் பயாஸில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு சுவர் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பப் போட்டதும் வேகமும் தேதியும் அப்படியே இருந்தால்தான் பணம். போர்டு சீரியல் எண் பில்லில் ஏறட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொன்ன பிறகு, கடையிலிருந்து தாங்களாகவே கூப்பிட்டு 3,500ஐத் திருப்பினார்கள். போர்டை மாற்றித் தருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. வரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இரண்டு வருடத்துக்குள் போனால் போதும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஸ்டெபிலைசரைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அது இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஓடுகிறது. அம்மாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி.