'கேஸ்லைட்டிங்' என்பதா, நடந்ததைச் சொல்வதா?

போன வாரம் தோழி போனில் அழுதாள். "அவர் என்னை கேஸ்லைட் பண்றார்" என்றாள். தன் நினைவையே தான் சந்தேகிக்கும்படி செய்கிறார் என்று அர்த்தம். ஆனால் என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, என்னடி நடந்தது என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஸ்கேன் அன்னைக்குக் கூட வரேன்னார். வரல. கேட்டா, அப்படிச் சொல்லவே இல்லைங்கிறார்." அதைக் கேட்டதும் எனக்கே தொண்டை அடைத்தது.

வலி ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் தீர்ப்பு. அவர் மறுப்பார், சண்டை அந்தச் சொல்லைப் பற்றியதாகிவிடும். இரண்டாவதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தச் சொல் வேண்டாம் என்றில்லை. 1938இல் இங்கிலாந்தில் மேடையேறிய 'கேஸ் லைட்' நாடகத்திலிருந்து வந்தது அது. அதில் கணவன், மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்ப வைக்கத் திட்டமிட்டு வேலை செய்கிறான். அப்படி நாள் கணக்கில் தன் நினைவையே சந்தேகிக்க வைக்கப்பட்ட பெண்ணுக்கு, இதற்கொரு பெயர் உண்டு என்று தெரிவதே பெரிய பிடிமானம். ஒவ்வொரு மறதிக்கும் பொய்க்கும் அதே பெயரை வைத்தால், அவள் சொல்லும்போது யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

தன்னை மட்டுமே பெரிதாக நினைப்பவரைச் சொல்லும் 'நார்சிசிஸ்ட்' என்ற சொல்லின் கதையும் இதேதான்.

நான் நடந்ததைச் சொல்வதன் பக்கம். சொல்லிக் காட்டுகிறார், மட்டம் தட்டுகிறார், முகம் கொடுத்துப் பேசுவதில்லை: இவை மூன்றும் வேறு வேறு காயங்கள். 'டாக்ஸிக்', அதாவது நச்சு, என்று ஒரே சொல்லில் சொன்னால் மூன்றும் மறைந்துபோகும்.

அன்றிரவு தோழி அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஸ்கேன் ரூம் வாசல்ல ரெண்டு மணி நேரம் தனியா உக்காந்திருந்தேன்."