எப்போதாவது மீன் பிடிப்பவருக்கு விலை உயர்ந்த தூண்டில் தேவையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் கரையோரம் வந்துவிட்டால், வருஷம் முழுக்கத் தூண்டிலைத் தொடாதவர்களுக்கும் கை துறுதுறுக்கும். கடையில் இரண்டு வழி: கனமான கண்ணாடியிழைக் கோல், அல்லது விலை கூடிய கார்பன் கோல்.

கார்பன் கோல் எடை குறைவு. நாள் முழுக்க வீசினாலும் தோள் அவ்வளவாக வலிக்காது; மீன் இரையைத் தொடுவதுகூடக் கையில் தெரியும். ஆனால் பாறையில் ஒரு முறை பலமாக இடித்துவிட்டால், பிறகு மீன் இழுக்கும்போது அந்த இடத்திலேயே முறியலாம். கண்ணாடியிழை அடி தாங்கும். கார் டிக்கியில் உருண்டு கிடந்தாலும் பரவாயில்லை. எப்போதாவது போகிறவருக்கு அதுதான் சரி.

தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் விஷயம் வேறு. மட்டமான ரீலின் பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கும். பெரிய மீன் பாயும் நேரத்தில் நரம்பு அறுந்துவிடும். அதனால் கோலில் மிச்சம் பிடித்து ரீலில் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். அப்புறம், விலை எதுவானாலும் கடல் உப்பு விடாது. வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவி நிழலில் காயவையுங்கள்.

மத்தியைத் துரத்தி வரும் ஷேட் என்ற மீனை அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 4தான் எடுக்கலாம், அதுவும் 30 செ.மீ.க்குக் குறையாமல். அதற்குக் கண்ணாடியிழைக் கோலே தாராளம்.