வடசேரியில் டான்ஸ் உடை வாடகைக்கு: ஜிப் இல்லாத கடை

ஆண்டு விழாவுக்கு 12 பிள்ளைகளுக்கு டான்ஸ் உடை வேண்டியிருந்தது. போன வருடம் வேறொரு கடையில் எடுத்து, மேடை ஏறும் நேரத்தில் ஒருத்திக்கு ஜிப் பிய்ந்து, நான் ஊசி நூலோடு ஓடினேன். அதனால் இந்த முறை தக்கலையிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரிக்கே போய்விட்டேன். சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் மாடி. போர்டு கிடையாது, படிக்கட்டில் தொங்கும் சலங்கைதான் அடையாளம்.

நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய திருநங்கை. எல்லாருக்கும் அக்கா. ஒரு காலத்தில் கோயில் கொடை விழாக்களில் ரெக்கார்ட் டான்ஸ் ஆடியவர். பழைய சினிமா நடிகை ஜோதிலட்சுமியின் காபரே பாட்டு போட்டால்தான் 'ஒன்ஸ் மோர்' விழுமாம்.

பாவாடையைத் திருப்பிப் பார்த்தேன். ஜிப்பே இல்லை. பெரிய ஹூக், உள்ளே காட்டன் லைனிங்.

"வேர்த்த துணியில ஜிப்பு மாட்டிக்கிடும் மக்களே. பாட்டு நமக்காக நிக்குமா?"

அப்போதெல்லாம் உடை மாற்ற, மேடைக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுச் சேலையைச் சுற்றியிருப்பார்களாம். உள்ளே விளக்கு வைத்தால் நிழல் வெளியே தெரியும். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். அதனால் இருட்டிலேயே தடவித் தடவி மாட்டப் பழகியிருக்கிறார். பெட்டியில் முதல் பாட்டுக்கு உள்ளது மேலே, கடைசிப் பாட்டுக்கு உள்ளது அடியில். இன்றைக்கும் வாடகைப் பையை அதே வரிசையில்தான் அடுக்கித் தருகிறார். கொடை சீசன் முடிந்தால் கையில் காசு இருக்காது, அப்போது ஜாக்கெட் தைக்கப் போனதில் கற்றதுதான் இந்தத் தையல்.

பேச்சுவாக்கில், 1950களில் பாரிஸில் 'கருசெல்' காபரேயில் ஆடிய பாம்பி என்ற திருநங்கையைப் பற்றிச் சொன்னேன். ஏறக்குறைய 20 வருடம் மேடையில் இருந்துவிட்டு, படித்து, பள்ளியில் பிரெஞ்சு இலக்கியம் நடத்தப் போனவர். அக்கா ஊசியை நிறுத்திவிட்டு, "அப்போ மாசச் சம்பளம்?" என்று மட்டும் கேட்டார்.

சரி, விலை. நகையோடு ஒரு செட் 250 ரூபாய், அட்வான்ஸ் தனி. நகை கவரிங்தான். புவிசார் குறியீடு வாங்கிய வடசேரிக் கோயில் நகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மதியம் போன் எடுக்கமாட்டார். சிவப்பு தாவணி ஒன்று லேசாகச் சாயம் விட்டது. சொன்னதும் மாற்றித் தந்தார்.

திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு சலங்கையாகக் காதருகே குலுக்கினார். "இதுல ஒரு மணி கொறையுதே டீச்சர்." எண்ணிப் பார்த்தோம், குறைந்துதான் இருந்தது. அட்வான்ஸில் 10 ரூபாய் பிடித்துக்கொண்டார்.